வேலை தருகிறவர் ஏன் பணம் கேட்கிறார்? – வாசகர் கேள்வி, எங்கள் பதில்

வேலை மோசடி பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

என் தம்பி பல வருடமாகக் கல்யாணச் சமையல் மாஸ்டர். சிங்கப்பூரில் நம் ஊர்ச் சாப்பாட்டு ரெஸ்டாரன்டில் மாஸ்டர் வேலை, மாதம் 1,400 டாலர் என்று ஒருவர் சொல்கிறார். மொத்தம் இரண்டரை லட்சம், முதலில் ஐம்பதாயிரம் கேட்கிறார். ஐபிஏ என்ற முன் அனுமதிக் கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அவர் எங்கள் பங்காளி வீட்டுக்குத் தெரிந்தவர். நம்பலாமா? – புதுவயல் வாசகி

ஐம்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள், அம்மா. அந்த 1,400 டாலரே இடிக்கிறது.

இந்திய உணவகங்களில் சமைக்க இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க ஒர்க் பெர்மிட் தரும் முறையைச் சிங்கப்பூர் 2023 செப்டம்பர் 1 முதல் கொண்டுவந்தது. அதில் மாதச் சம்பளம் குறைந்தது 2,000 டாலர் இருந்தாக வேண்டும். இடைநிலைத் திறன் வேலைக்குத் தரும் எஸ் பாஸ் என்றால் இன்னும் அதிகம். 2025 செப்டம்பரிலிருந்து 3,300 டாலர். அப்படியென்றால் 1,400 டாலருக்கு மூன்று விளக்கம்தான் உண்டு. காகிதம் பொய்யாக இருக்கலாம். வேறு ஏதோ வேலைக்கான பெர்மிட்டில் கூட்டிப்போய் அடுப்படியில் நிறுத்தப் பார்க்கலாம். அல்லது காகிதத்தில் 2,000 எழுதி, மாதாமாதம் 600 டாலரைக் கையில் திருப்பி வாங்கிக்கொள்ளும் திட்டமாக இருக்கலாம். மூன்றுமே சட்டத்துக்குப் புறம்பானவை. பிடிபட்டால் பெர்மிட் போய்த் திரும்பி வருவது உங்கள் தம்பிதான்.

கடிதம் உண்மையா என்று அனுப்பியவரிடமே கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாது. அவர் அனுப்பும் லிங்க்கைத் தட்டுவதும் அப்படித்தான். அசலைப் போலவே போலித் தளம் செய்து வைத்திருப்பார்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்தை நீங்களே தேடித் திறந்து, கடிதத்தில் இருக்கும் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடையின் பதிவு எண் கடிதத்தில் இருக்கும். அந்த ஊர் நிறுவனப் பதிவேட்டில் காசில்லாமல் தேடலாம். கடை உயிரோடு இருக்கிறதா, என்ன தொழில் என்று பதிந்திருக்கிறது, எந்த முகவரி என்பதெல்லாம் தெரியும். பிறகு அந்தக் கடையின் போன் நம்பரை இணையத்தில் தனியாகத் தேடி எடுத்து நேரடியாகக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் தமிழ் பேசுகிறவரே எடுப்பார், தயங்க வேண்டாம். “இந்தப் பெயரில் மாஸ்டருக்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?” என்ற ஒரே கேள்வி போதும். ஐபிஏ கடிதம் தொழிலாளியின் தாய்மொழியிலும் தரப்பட வேண்டியது. தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். “அதெல்லாம் ஏர்போர்ட்டில் தருவார்கள்” என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து இங்கே இருக்கிற ஏஜென்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வேண்டுமானால் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கள் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் இருக்கிறது. காலாவதியான, நிறுத்திவைக்கப்பட்ட ஏஜென்ட்டுகளையும் அங்கே பார்க்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் லைசன்ஸ் நகலைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆகமொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். சப் ஏஜென்ட் என்று ஒருவர் நடுவில் நிற்பதைச் சட்டம் ஒப்புக்கொள்வதே இல்லை. நம் பக்கத்தில் ஏமாற்று அதிகம் நடப்பது இந்த நடு ஆள் வழியாகத்தான். பங்காளிக்குத் தெரிந்தவர், மாமா ஊர்க்காரர் என்று வரும்போது யாரும் ரசீது கேட்பதில்லை. அந்த மனிதரே பல நேரம் மேலே இருப்பவரை நம்பி ஏமாந்தவராக இருப்பார். அவர் நல்லவரா என்பது வேறு கேள்வி, காகிதம் நல்லதா என்பது வேறு கேள்வி.

சிங்கப்பூர்ப் பக்கம் உள்ள ஏஜென்சியும் அங்கே லைசன்ஸ் பெற்றதாக இருக்க வேண்டும். மனிதவள அமைச்சின் தளத்தில் அதற்கும் பட்டியல் உண்டு. வேலை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், உச்சம் இரண்டு மாதச் சம்பளம் என்பதுதான் அவர்கள் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்தின் எல்லை. ‘லெவி’, ‘பாண்டு பணம்’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு ஆளை வைப்பதற்கு அரசுக்குக் கட்டும் மாத லெவியும், ‘பாண்டு’ எனப்படும் 5,000 டாலர் பிணைத்தொகையும் முதலாளி கட்ட வேண்டியவை, தொழிலாளி தலையில் ஏற்றக் கூடாது. எல்லாம் சரியாக இருந்து பணம் கொடுக்கும் நிலை வந்தாலும், பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தனி ஆளின் ஜிபே நம்பருக்கு வேண்டாம். அசல் பாஸ்போர்ட்டையும் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று அவரிடம் விட்டுவைக்காதீர்கள்.

தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. தம்பியின் பெயரை அங்கே பதிந்து வைப்பது நல்லது. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போகிறவர்கள், பத்தாம் வகுப்பு முடிக்காததால் பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ (குடியேற்றச் சரிபார்ப்பு தேவை) என்று இருந்தால், குடியேற்ற அனுமதி வாங்காமல் வேலைக்குப் போக முடியாது. “விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்பவர் இந்த அனுமதியைத் தாண்டிக் குதிக்கச் சொல்கிறார். அந்த அனுமதியோடு எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் வரும். விசிட்டில் போனால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங், மாதம் முப்பதாயிரம். பதிவுக்கு 620 ரூபாய் மட்டும் என்று முகநூலில் வருகிறது. செய்யலாமா? – கோட்டையூர் வாசகி

வேண்டாம். பென்சிலைத் தொழிற்சாலையிலேயே எந்திரம் அடுக்கிப் பெட்டியில் போட்டுவிடும். அதை லாரியில் ஏற்றிக் கோட்டையூருக்கு அனுப்பி, உங்களுக்கு முப்பதாயிரம் கொடுத்து, திரும்ப எடுத்துப்போனால் அந்தப் பென்சிலை என்ன விலைக்கு விற்பார்கள்? 620 போனதும் ஐடி கார்டுக்கு 1,250, கூரியருக்கு 2,000, ‘திருப்பித் தரும் டெபாசிட்’ 4,500 என்று படிப்படியாக ஏறும். நம் ஊரில் ஓலைக் கொட்டான் பின்னுகிறவர்களும், சீப்புச் சீடை, மணகோலம் சுட்டுக் கொடுக்கிறவர்களும் வீட்டு வேலைதான் செய்கிறார்கள். அங்கே சரக்கு கொடுக்கிறவர் கூலியும் கொடுப்பார். ‘சேர்வதற்குக் கட்டணம்’ என்று யாரும் கேட்பதில்லை.

டெலிகிராமில் ‘பார்ட் டைம்’ வேலை. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் ஐம்பது ரூபாய். முதல் நாள் 150 ரூபாய் உண்மையாகவே கணக்கில் வந்தது. இப்போது 82,000 கட்டிவிட்டேன். ஆப்பில் 1,37,000 இருப்பதாகக் காட்டுகிறது. எடுக்க வேண்டுமானால் 30 சதவீத வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் கிடைக்குமா? – காரைக்குடி கல்லூரி மாணவர்

கிடைக்காது, தம்பி. திரையில் தெரியும் 1,37,000 வெறும் எழுத்து. அவர்கள் அங்கே இருந்து எந்த எண்ணைத் தட்டினாலும் உங்கள் திரையில் அது தெரியும். வரி என்பது அரசுக்குக் கட்டுவது. உங்கள் பணத்திலேயே வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லிப் பாருங்கள், ஒரு காரணம் சொல்லி மறுப்பார்கள்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். இதைப் படித்த கையோடு 1930-ஐக் கூப்பிடுங்கள். நாடு முழுவதற்குமான இணையக் குற்ற உதவி எண் அது. கூப்பிடும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தேதி, நேரம், தொகை, உங்கள் கணக்கு எண், பணம் போன யுபிஐ முகவரி அல்லது கணக்கு எண், 12 இலக்கப் பரிமாற்ற எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 12 இலக்க எண்தான் முக்கியம். அதைக் கொண்டுதான் பணம் எந்த வங்கிக்குப் போனது என்று தேடிப் பிடித்து நிறுத்திவைப்பார்கள். மோசடிப் பணம் ஒரே கணக்கில் தங்காது. சில நிமிடங்களில் மூன்று நான்கு கணக்குகள் தாண்டி ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ கரைந்துவிடும். அதனால் கடைசியாகக் கட்டிய தொகையை முதலில் சொல்லுங்கள், அதுதான் எங்கேயாவது தேங்கி நிற்க வாய்ப்பு அதிகம். பிறகு உங்கள் வங்கிக்கும் தகவல் கொடுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் அன்றைக்கே முழுப் புகாரைப் பதிந்து, அந்த எண்ணோடு சிவகங்கை மாவட்டச் சைபர் கிரைம் போலீசாரைப் பாருங்கள்.

டெலிகிராம் உரையாடலை அழிக்காதீர்கள். “போலீசுக்குப் போகிறேன்” என்று அவர்களிடம் சொல்லவும் வேண்டாம். அடுத்த நிமிடம் இரண்டு பக்கமும் அழித்துவிடுவார்கள், அந்த வசதி அந்த ஆப்பில் இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே தெரியும் பெயர் மட்டும் போதாது, யூசர்நேமும் படத்தில் வர வேண்டும்.

இந்த வலை எப்படிப் பின்னப்படுகிறது என்பது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். முதல் நாள் தரும் 150 ரூபாய்தான் தூண்டில் புழு. அடுத்து ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’: 1,000 கட்டினால் 1,300 திரும்ப வரும், அதையும் கொடுப்பார்கள். பிறகு நான்கைந்து பேர் கொண்ட குழுவில் சேர்ப்பார்கள். “நான் நாற்பதாயிரம் எடுத்துவிட்டேன்” என்று படத்தோடு போடும் மற்றவர்கள் எல்லாரும் அவர்கள் ஆட்களே. ஒரு நாள் “நீங்கள் தப்பாக அழுத்திவிட்டீர்கள், உங்களால் மற்ற மூவர் பணமும் முடங்கிவிட்டது” என்பார்கள். விட்டதைப் பிடிக்கும் வேகமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து நகையை அடகு வைக்கச் சொல்லும். இப்படி இழந்தவர்கள் படிக்காதவர்களோ பேராசைக்காரர்களோ இல்லை. கட்டிய பணத்தை மீட்கத்தான் மேலும் கட்டினார்கள். அதனால் உங்களையே நொந்துகொண்டு புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். உங்களுக்கு வந்த 150 ரூபாயே வேறு ஒரு ஏமாந்தவரின் பணமாக இருக்கலாம், அதன் பேரில் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். புகார் எண் கையில் இருந்தால் வங்கியிடம் விளக்குவது சுலபம். அடுத்த சில நாட்களில் “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு” என்று யாராவது வந்தால் அது அதே கும்பல்தான்.

என் நண்பன் கம்பெனி வேலை என்று சொல்லி, என் பெயரில் புதுக் கணக்கு தொடங்க வைத்து, பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொண்டான். வரும் பணத்தில் 2 சதவீதம் எனக்கு. இதில் தப்பு உண்டா? – பள்ளத்தூர் வாசகர்

பெரிய தப்பு இருக்கிறது. மேலே உள்ள கேள்வியில் பறிபோன பணம் போய்ச் சேர்வது உங்களைப் போன்றவர்களின் கணக்கில்தான். போலீஸ் முதலில் தட்டுவது கணக்குக்குச் சொந்தக்காரர் கதவை. புகார் கொடுத்தவர் வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த மாநிலப் போலீஸ் வரும். “நான் கார்டை மட்டும்தான் கொடுத்தேன்” என்பது பதில் ஆகாது.

இன்றே வங்கியின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டுக் கார்டையும் நெட்பேங்கிங்கையும் நிறுத்துங்கள். நாளைக் காலை கிளைக்குப் போய், கணக்கு உங்கள் கையில் இல்லை என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். அதிலுள்ள பணத்தில் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். சிம்மையும் அடைத்துவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பார்க்கலாம்; தெரியாதது இருந்தால் அங்கேயே ‘என்னுடையது இல்லை’ என்று பதியுங்கள். பிறகு ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு நீங்களே சைபர் கிரைம் போலீசிடம் போங்கள். அவர்கள் தேடி வரும்வரை காத்திருந்தால் உங்களை நம்புவது கடினம்.

ரயில்வேயில் குரூப் டி வேலை, ‘கோட்டா’வில் வாங்கித் தருவதாக ஒருவர் ஏழு லட்சம் கேட்கிறார். பாதி முதலில், பாதி ஆர்டர் வந்த பிறகு. டெல்லியில் டிரெய்னிங் உண்டு என்கிறார். – தேவகோட்டை வாசகர்

டெல்லி டிரெய்னிங் என்றதால் இதைச் சொல்ல வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் புதுடெல்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் ஒரு மாதம், தினமும் எட்டு மணி நேரம், வந்துபோகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள், மொத்தம் 2.67 கோடி. அவர்களுக்கும் ஆர்டர் வந்தது, மருத்துவப் பரிசோதனை நடந்தது. எல்லாம் போலி.

குரூப் டி-க்கு வழி ஒன்றுதான்: ஆர்ஆர்பி என்ற ரயில்வே தேர்வு வாரியத்தின் அறிவிப்பு, கணினித் தேர்வு, உடல்திறன் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. இன்டர்வியூ கிடையாது. பொதுப் பிரிவினருக்குக் கட்டணம் 500 ரூபாய். தேர்வை எழுதினால் அதிலும் 400 வங்கிக் கணக்குக்குத் திரும்பும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கும் இன்டர்வியூ இல்லை, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் கலந்தாய்வும்தான். ஆள் பார்த்துச் சிபாரிசு செய்ய அங்கே இடமே வைக்கவில்லை.

‘பாதி பிறகு’ என்பதில் ஏமாறாதீர்கள். அவர் குறி முதல் பாதிதான். இந்த ஆட்கள் பத்துப் பேரிடம் வாங்குவார்கள். தேர்வு எழுதியவரில் ஒருவருக்குத் தன் உழைப்பால் வேலை கிடைத்துவிட்டால் ‘நான்தான் வாங்கிக் கொடுத்தேன்’ என்று அவரைக் காட்டி அடுத்த பத்துப் பேரைப் பிடிப்பார்கள். கொடுத்தவர்கள் பலர் வாய்திறப்பதில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதைச் சொல்லியே மிரட்டுவார்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் ஒரு வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிப் புகாரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியவர் மேல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் ஏழு ஆண்டுவரை தண்டனை உண்டு.

என் மகனுக்குத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம், சாப்பாடு, தங்குமிடம் இலவசம், டிக்கெட்டும் அவர்களே போடுகிறார்களாம். பணம் எதுவும் கேட்கவில்லை. அப்படியென்றால் நம்பலாம்தானே? – திருப்பத்தூர் வாசகர்

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பணம் கேட்காததற்குக் காரணம், அவர்களுக்கு வேண்டியது உங்கள் மகன். டைப் அடிக்கத் தெரிந்தால் போதும் என்ற வேலைக்கு எண்பதாயிரம் கொடுத்து இங்கிருந்து ஆள் கொண்டுபோக எந்தக் கம்பெனிக்கும் தேவை இல்லை.

பாங்காக்கில் இறக்கி, காரில் ஏற்றி, சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மேலே நாம் பார்த்த டெலிகிராம் மோசடியைச் செய்ய வைப்பார்கள். மறுத்தால் அடி, வெளியே விட வேண்டுமானால் பல லட்சம். 2022-இலேயே தமிழ்நாட்டு இளைஞர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து அழைத்துவந்தன.

ஒரே கேள்வி கேளுங்கள்: “கிளம்பும் முன்பே நான்-இமிகிரண்ட் பி விசா தருவீர்களா?” தாய்லாந்தில் வேலை செய்ய அதுதான் விசா. சுற்றுலாவாக அங்கே போவது இந்தியர்களுக்குச் சுலபம் என்பதைத்தான் இந்தக் கும்பல் பயன்படுத்துகிறது. யாராவது ஏற்கெனவே பாங்காக் போய்விட்டு, கார் ஊரை விட்டு வெளியே நெடுந்தூரம் போகிறது என்றால், இருக்கும் இடத்தை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் வண்டி நிற்கும்போதே இறங்கிவிட வேண்டும். தாய்லாந்து சுற்றுலாப் போலீஸ் எண் 1155. வீட்டில் இருப்பவர்கள் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 1800 11 3090 எண்ணுக்குப் பேசலாம், அந்த அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார்த் தளத்திலும் பதியலாம். ஆற்றைக் கடந்துவிட்டால் தாய்லாந்துப் போலீசால் எதுவும் செய்ய முடியாது.

டேட்டா என்ட்ரி வேலை எடுத்து, 500 பக்கம் டைப் செய்து கொடுத்தேன். துல்லியம் 90 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்லி, ஒப்பந்தப்படி 6,500 ரூபாய் கட்டாவிட்டால் வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. – கண்டனூர் வாசகி

பயப்படாதீர்கள், கட்டவும் செய்யாதீர்கள். எத்தனை சரியாகச் செய்தாலும் தவறு என்றுதான் சொல்வார்கள். டைப் செய்த வேலைக்கு அங்கே மதிப்பே இல்லை; அபராதம்தான் அவர்கள் வருமானம். ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தில் உண்டான ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. நோட்டீசில் உள்ள வக்கீலின் பதிவு எண்ணைக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது. ‘கோர்ட் ஆர்டர்’, ‘போலீஸ் வாரண்ட்’ என்று படம் அனுப்பினால் அதையும் சேமித்து வையுங்கள், அது அவர்களுக்கு எதிரான சாட்சி. ஒரு ரூபாய் கட்டினாலும் பயப்படுகிறவர் என்று தெரிந்து அடுத்த நோட்டீஸ் வரும். ஆதாரும் கையெழுத்தும் கொடுத்திருப்பதால், ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டு, 1930-இல் புகாரும் கொடுத்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே தபாலில் கோர்ட் சம்மன் வந்தால் மட்டும் அதை ஒதுக்கிவைக்காமல் வக்கீலிடம் எடுத்துப்போங்கள். வக்கீலுக்குச் செலவழிக்க முடியாது என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.